வேலை செய்கிறவர் மேசைக்கே வேலை வரும்

கொருக்குப்பேட்டை வாசகர், 9 நவம்பர் 2025

மகளின் கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாரக்கணக்கில் ஆகிறது. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் வருவாய் ஆய்வாளரிடம் இருக்கிறது என்கிறார். அவரைக் கேட்டால் மேலே போய்விட்டது என்கிறார். நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லக்கூட ஆள் இல்லை. அரசு ஊழியருக்கு மனப்பான்மைதான் நோய் என்பது என் முடிவு. சம்பளத்தை ஏற்றினாலும், ஆள் சேர்த்தாலும், கணினி வாங்கிக் கொடுத்தாலும் மாறாது. இதே ஆட்களைத் தனியார் வங்கியில் உட்காரவைத்தால் பத்தே நாளில் திருந்துவார்கள். மறுப்பவர்கள் எழுதலாம்.

பழைய கண்காணிப்பாளர், 9 நவம்பர், இரவு

மறுக்கிறேன். அதற்காகச் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு வரவில்லை.

1980களில் தேர்வாணையம் எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பணிக்காலத்தின் பெரும்பகுதி வடசென்னையில்தான். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படித்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனவர்கள் என் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் போன பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு கோப்பு எழுதியவர்களும் இருந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே அகவிலைப்படி, ஒரே தேதியில் ஊதிய உயர்வு.

ஓர் அலுவலகத்தில் எட்டு இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில்தான் ஆள். காலியான மூன்று இருக்கைக்கும் தபால் தினமும் வரும். அதை ஐந்து பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க எந்த அதிகாரியும் மெனக்கெட மாட்டார். யாரிடம் கொடுத்தால் முடியும் என்று அவருக்குத் தெரியும். கூடுதல் பொறுப்பு என்று இரண்டு வரியில் ஓர் ஆணை போடுவார், தீர்ந்தது. செய்கிறவர் மூன்று இருக்கை பார்ப்பார். செய்யாதவர் ஒன்றைப் பார்ப்பார், அதுவும் நிலுவையில் கிடக்கும். ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டு வாங்குவது மூன்று இருக்கைக்காரர். அவர் பெயரில்தானே நிலுவை எண்ணிக்கை அதிகம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான் பார்த்தவரையில் பொதுமக்களிடம் மிக இனிமையாகப் பேசியவர்கள் பெரும்பாலும் ஒரு கோப்பையும் நகர்த்தாதவர்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது. 'உட்காருங்கள் அம்மா, வெயிலில் வந்திருக்கிறீர்கள்' என்பார்கள். மூன்று இருக்கைக்காரர் தலை நிமிராமல் 'என்ன?' என்பார். வெளியே வந்து நீங்கள் யாருடைய மனப்பான்மையைத் திட்டுவீர்கள்?

10 நவம்பர்

வங்கியைப் பற்றி நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. வங்கி தன் வாடிக்கையாளரைத் தானே பொறுக்கிக்கொள்ளலாம். குறைந்தபட்ச இருப்பு இல்லாதவரிடம் கட்டணம் பிடிக்கலாம், லாபம் இல்லாத கிளையை மூடலாம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அந்த வசதி கிடையாது. பள்ளி, கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் ஒன்றாகக் குவியும். ஷட்டரை இறக்க முடியாது.

மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980இல் இதை விளக்கி எழுதினார். போலீஸ்காரர், ஆசிரியர், நலத்துறை எழுத்தர் என்று மக்களை நேருக்கு நேர் பார்க்கிற ஊழியருக்கு, வருகிற வேலை எப்போதும் கையிலுள்ள நேரத்தைவிட அதிகமாகவே இருக்கும். விலை வைத்துக் கூட்டத்தைக் குறைக்க வழியில்லை. அதனால் வரிசை, படிவம், இன்னொரு நகல், 'நாளை வாருங்கள்' ஆகியவற்றால் குறைக்கிறார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலையில் சேர்ந்த சில மாதங்களில் தானாக வந்துவிடும். எனக்கும் வந்தது.

12 நவம்பர்

பெரம்பூர் வாசகர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அரசு நிறுவனம்தானே, அங்கே எப்படி வேலை நடக்கிறது?

நடக்கிறது, உண்மைதான். 1955இல் தொடங்கிய தொழிற்சாலை. வந்தே பாரத் என்று இன்று எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொள்கிற ரயிலின் முதல் தொகுப்பு 2018இல் அங்கேதான் உருவானது. ஏறத்தாழ 18 மாதத்தில் செய்து முடித்தார்கள். சம்பளக் கமிஷன், யூனியன், கேன்டீன் என்று எல்லாம் மற்ற மத்திய அரசு இடங்களில் உள்ளவைதான்.

ஆனால் அங்கே ஆண்டுக்கு எத்தனை பெட்டி என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். அதற்கேற்ற ஆளும் பொருளும் கணக்குப் போட்டு வைக்கப்படும். செய்த பெட்டி கண்முன்னே தண்டவாளத்தில் ஏறிப் போகும், செய்தவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். சான்றிதழ்ப் பிரிவில் இருந்த நான் என் பிள்ளையிடம் எதைக் காட்டுவது?

ஆசை காட்டிவிட்டு நானே குறுக்கே ஒன்று சொல்கிறேன். ரயில் பெட்டியோடு சான்றிதழை ஒப்பிடுவதும் வங்கியோடு ஒப்பிட்டது போலத்தான். பெட்டி வந்து 'ஏன் தாமதம்' என்று கத்தாது.

15 நவம்பர்

ஆள் சேர்த்தாலும் மாறாது என்று இழையைத் தொடங்கியவர் எழுதினாரே, அதற்கு வருகிறேன். இதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது.

அங்கன்வாடி மையங்களில் ஒரு சோதனை செய்தார்கள். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்களின் ஆய்வு அது. சில மையங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஏற்கெனவே இருந்த பணியாளர், உதவியாளரோடு அரை நாள் வேலைக்கு இன்னொருவரைச் சேர்த்தார்கள். முன்பருவக் கல்வியை மட்டும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்துச் சோதித்தபோது மொழியிலும் கணக்கிலும் அந்த மையக் குழந்தைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும், கடுமையான ஊட்டக்குறைவு உள்ள குழந்தைகளும் குறைவாக இருந்தார்கள். யாருடைய மனப்பான்மையையும் திருத்த வகுப்பு எடுக்கவில்லை. ஓர் ஆளைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம் நேற்று மாலை. நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடக்கிறது அல்லவா, எங்கள் தெருவுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலராக வந்தவர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். திருவொற்றியூரில் எங்களுடையது மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. தோளில் துணிப்பை, அதில் வாக்காளருக்கு இரண்டு நகல் வீதம் படிவங்கள். 'ஐயா, 2005இல் உங்களுக்கு எந்தப் பகுதியில் ஓட்டு இருந்தது?' என்று கேட்டார். அப்போது தண்டையார்பேட்டையில் இருந்தோம் என்றேன். பழைய பட்டியலைக் கைப்பேசியில் தேடத் தேட, அது சுற்றிக்கொண்டே இருந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி மோர் கொண்டுவந்தாள். காலையில் குழந்தைகளுக்கு எடை போட்டு, உயரம் அளந்து, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். அந்தச் செயலியும் சுற்றிக்கொண்டே இருக்குமாம். 'மையத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து எத்தனை நாள் ஆகிறது தெரியுமா ஐயா' என்றார்.

நாளை யாராவது அந்த மையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை, அர்ப்பணிப்பு இல்லை என்று எழுதுவார்கள்.

16 நவம்பர்

வியாசர்பாடி நண்பர் எழுதியது: 'அப்படியானால் சம்பளத்தை ஏற்றுங்கள், மகிழ்ச்சியாக இருப்பவன் நன்றாக வேலை செய்வான்.'

இங்கே நான் கொருக்குப்பேட்டைக்காரர் பக்கம். இந்தோனேசியாவில் ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். அதையும் சோதனையாக வைத்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி. கடன் கவலை குறைந்தது, இன்னொரு வேலைக்கு ஓடுவதும் குறைந்தது. மாணவர்களின் மதிப்பெண்ணோ அசையவே இல்லை. வேலை திருப்திக்கும் செயல்திறனுக்கும் உள்ள உறவைப் பல ஆய்வுகளைச் சேர்த்து 1985இல் கணக்கிட்டவர்கள் 0.17 என்றார்கள். 2001இல் வேறு முறையில் திருத்திக் கணக்கிட்டவர்கள் 0.30 என்றார்கள். 1 என்றால் முழு உறவு, 0 என்றால் உறவே இல்லை. இரண்டுமே பந்தல் போட்டுக் கொண்டாடுகிற எண் இல்லை.

எனக்குத் தெரிந்து வேலையில் மிகத் திருப்தியாக இருந்தவர் அந்த வரி விளம்பரக்காரர்தான்.

18 நவம்பர்

வருவாய்த் துறைச் சங்கங்களின் கூட்டமைப்பு பணிச்சுமையைக் காரணம் காட்டி வாக்காளர் பட்டியல் பணியைப் புறக்கணிப்பதாக அறிவித்திருக்கிறது. 'பார்த்தீர்களா, ஒழுங்கீனம்' என்று ஒருவரும், 'பார்த்தீர்களா, சுமை' என்று இன்னொருவரும் ஐந்து நிமிட இடைவெளியில் எனக்கே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

21 நவம்பர்

அர்ப்பணிப்பு பற்றி. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிற இடம்.

ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இருவர் 1991இல் ஒரு பகுப்பு சொன்னார்கள். ஒருவர் நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். பிடித்திருப்பதால் இருக்கலாம். இருப்பதுதான் நியாயம் என்ற கடமை உணர்வால் இருக்கலாம். விட்டுப் போனால் இழப்பு என்பதால் இருக்கலாம். முதல் வகை நல்ல வேலையோடு சேர்ந்து வருகிறது. மூன்றாவது வகை அப்படி வருவதில்லை, சில ஆய்வுகளில் எதிர்த் திசையிலேயே போகிறது. அரசு வேலையை நாம் என்ன சொல்லிப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கிறோம்? 'ஓய்வூதியம் வரும், யாரும் அசைக்க முடியாது.' மூன்றாவது காரணத்தைச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, முதல் காரணத்தோடு உழைக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

'யாரும் அசைக்க முடியாது' என்பதும் 2003 ஜூலையில் பொய்யானது. அப்போது நடந்த வேலைநிறுத்தத்தில் நானும் இருந்தேன். அத்தியாவசியப் பணிகள் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி நடத்தை விதிகளை மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பிச் சேர்ந்தோம். ஆகஸ்ட் 6ஆம் தேதி வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்டப்படியான உரிமையோ கிடையாது என்றது.

செய்தது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. வேலைநிறுத்தத்தால் அலைந்த மக்கள் எங்களைத் திட்டியதும் நியாயம்தான். திரும்பிப் போன பிறகு பிரிவில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். யாரும் வேலையைக் குறைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் தாமதக் குறியே இல்லை. ஆனால் அதுவரை ஒருவர் விடுப்பில் போனால் பக்கத்து இருக்கைக்காரர் அவர் தபாலையும் சேர்த்துப் பார்த்து வைப்பார். விதியில் இல்லாத வழக்கம் அது. அது நின்றுபோனது. விண்ணப்பத்தில் ஒரு தேதி விடுபட்டிருந்தால் முன்பு நாமே ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொள்வோம். அதன் பிறகு 'குறையுடன் திருப்பப்படுகிறது' என்று எழுதி அனுப்பினோம். விதிப்படி முற்றிலும் சரி.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்று ஆனது. ஆக ஒரே மேசையின் இந்தப் பக்கம் கடைசி மாதச் சம்பளத்தில் பாதியை எதிர்பார்க்கிற நான், அந்தப் பக்கம் மாதாமாதம் பத்து விழுக்காடு பிடிக்கப்படுகிற, கடைசியில் என்ன வரும் என்று தெரியாத இளைஞர். என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்வார், சட்டம் நன்றாகத் தெரியும். 'சார், நீங்கள் இந்த அலுவலகத்துக்கு வாக்கப்பட்டவர், நான் வந்துபோகிறவன்' என்றார் ஒருநாள். அவருடைய அர்ப்பணிப்பை அளக்க என்னிடம் கேள்வித்தாள் இல்லை.

22 நவம்பர்

'மன்னிப்புக் கடிதம் எழுதியவர் எல்லாம் அறிவுரை சொல்கிறார்.'

எழுதினேன். என் பணிக்காலத்தில் ஒரு குறையும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே கடிதம் அதுதான்.

26 நவம்பர்

'கைரேகை, கேமரா, தினசரி இலக்கு. கண்காணித்தால் எல்லாம் சரியாகும்.' மணலியிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்று ஊகிக்கிறேன்.

சில இடத்தில் சரியாகியிருக்கிறது. ராஜஸ்தானில் உதய்பூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் கேமரா கொடுத்து, தினமும் காலையும் மாலையும் பிள்ளைகளோடு படம் எடுக்கச் சொல்லி, வந்த நாளுக்கேற்பச் சம்பளம் கொடுத்தார்கள். ஆசிரியர் வராத நாள் 42 விழுக்காட்டிலிருந்து 21ஆகக் குறைந்தது. பிள்ளைகளும் கூடுதலாகக் கற்றார்கள்.

அதே மாவட்டத்தில் அரசுத் துணை சுகாதார நிலையச் செவிலியர்களுக்கு நேர முத்திரை இயந்திரம் வைத்தார்கள். வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்போம் என்றார்கள். முதல் சில மாதம் வருகை கூடியது. பிறகு சுகாதார நிர்வாகமே 'விலக்கு நாள்' கொடுக்கத் தொடங்கியது: கூட்டம், கள ஆய்வு, இயந்திரப் பழுது. 16 மாதத்தில் பலன் அனைத்தும் கரைந்துபோனது. இயந்திரம் செவிலியரைக் கண்காணித்தது. விலக்கில் கையெழுத்துப் போட்டவரைக் கண்காணிக்க ஓர் இயந்திரம் இல்லை.

எங்கள் அலுவலகக் கதை இன்னும் எளிமையானது. ஒவ்வோர் எழுத்தருக்கும் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. வந்த தபால், எடுத்த நடவடிக்கை, முடிந்த நாள் எல்லாம் அதில் ஏற வேண்டும். மாதம் முடிந்ததும் நிலுவையை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் பாராட்டு, கூடினால் மெமோ, தொடர்ந்து கூடினால் 17(அ) விதிப்படி ஒழுங்கு நடவடிக்கை. எண்ணிக்கையைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, வேலையை முடிப்பது. மற்றொன்று, மாதத்தின் கடைசி இரண்டு நாளில் கிடைக்கிற விண்ணப்பத்தில் எல்லாம் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது. பதிவேட்டில் இரண்டும் 'முடிவு' என்றுதான் ஏறும். அடுத்த மாதம் அதே ஆள் இரண்டு பஸ் மாறி வந்து புதிய விண்ணப்பம் கொடுப்பார், அது புதிய எண்ணில் ஏறும். இப்போது எல்லாம் கணினியில்தான். 'நிராகரி' என்ற பொத்தான் நாங்கள் குறை எழுதிய சிவப்பு மையைவிட வேகமாக வேலை செய்கிறது.

பிரிவில் நிலுவையே இல்லை என்று ஒருவர் பாராட்டுக் கடிதம் வாங்கினார். கைதட்டினோம்.

3 டிசம்பர்

டிட்வா புயலின் மிச்ச மழை. இரண்டு நாளாக மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. கேட்ட அனைவருக்கும்: நலம்.

இந்த மழையில் ஒன்று கவனித்தீர்களா? நாம் இத்தனை நாள் குறை சொன்ன அதே மாநகராட்சி ஆட்கள், அதே மின்வாரிய ஆட்கள் இரவில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். எங்கள் தெரு முனையில் மோட்டார் வைத்து இறைத்தவரிடம் 'சாப்பிட்டீர்களா தம்பி' என்றால் 'தண்ணீர் வடியட்டும் ஐயா' என்கிறார். மனப்பான்மை ஒரே இரவில் மாறிவிட்டதா?

வேலை மாறியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை: தண்ணீர் போக வேண்டும். முடிந்ததா என்று பதிவேட்டைப் பார்க்கத் தேவையில்லை, தெருவைப் பார்த்தால் போதும். மேலதிகாரி குடையோடு பக்கத்தில் நிற்கிறார். டீசல் வாங்கக் கோப்பு மூன்று மேசை ஏற வேண்டியதில்லை. நைஜீரிய அரசு அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான திட்டங்களை ஆராய்ந்த இம்ரான் ரசூல், டேனியல் ராகர் ஆகியோரும் ஏறத்தாழ இந்த இடத்துக்குத்தான் வந்தார்கள். ஊழியருக்குத் தானே முடிவெடுக்க இடம் இருந்த அலுவலகங்களில் திட்டங்கள் கூடுதலாக முடிந்தன. கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் கூடிய இடங்களில் குறைவாக முடிந்தன.

3 டிசம்பர், இரவு

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் உருகிவிட்டேன் போலிருக்கிறது. வெள்ளத்தில் நன்றாக வேலை நடக்கிறது என்பதால் தினமும் வெள்ளம் விட முடியாது. மோட்டார் வைத்த தம்பி இதே வேகத்தில் ஆண்டு முழுக்க உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொடுமை. தவிர, தண்ணீரில் நின்றவர்களில் எத்தனை பேர் அரசு ஊழியர் என்பதே கேள்வி.

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். 5, 6ஆம் மண்டலங்களின் துப்புரவுப் பணியை ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்ததை எதிர்த்து இந்த ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் ரிப்பன் மாளிகைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். புயலிலும் கொரோனாவிலும் தெருவை விட்டுப் போகாதவர்கள் அவர்கள். அர்ப்பணிப்பு என்ற சொல்லை யாருக்காவது கொடுப்பதென்றால் முதலில் அவர்களுக்குத்தான். அவர்கள் கேட்டது தாங்கள் யாருடைய ஊழியர் என்ற கேள்விக்குப் பதில். தொகுப்பூதியச் செவிலியர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்பதும் அதையேதான். நிரந்தரப் பணியாளருக்கு வேலை மீது பிடிப்பு இல்லை என்று புலம்புகிறோம். பிடிப்பு இருப்பவருக்கு வேலை நிரந்தரம் இல்லை.

7 டிசம்பர்

காசிமேட்டு வாசகர் இரண்டே வரியில் கேட்டிருக்கிறார்: 'இவ்வளவு எழுதினீர்களே, லஞ்சம் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? அதுவும் பணிச்சுமையா?'

இல்லை. அது தனிக் கணக்கு. சுமை அதிகமானால் லஞ்சம் வாங்குகிறவருக்கு லாபம்தான், வரிசை நீளமாக இருந்தால்தானே முந்திக்கொண்டு போகக் காசு கொடுப்பார்கள். ஆள் சேர்ப்பதை முதலில் எதிர்ப்பவரும் அவராகவே இருப்பார். இந்த இடத்தில் என் வாதம் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நொண்டுகிற இன்னோர் இடத்தையும் நானே காட்டிவிடுகிறேன். கவுன்ட்டருக்கு ஒருவர் பேன்ட் சட்டையோடு வந்து ஆங்கிலத்தில் ஒரு சொல் சேர்த்துப் பேசினால் 'சார், உட்காருங்கள்.' மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மாள் வந்தால் 'ஏய், வரிசையில் நில்.' ஒரே எழுத்தர், ஒரே நாள், ஒரே நிலுவை. முதியோர் உதவித்தொகைக்கு வந்த ஒரு பாட்டிக்குக் கைநாட்டு வைக்க மை தடவும்போது, விரலைத் தொட வேண்டுமே என்று மைத்திண்டைப் பாட்டி நின்ற ஓரத்துக்குத் தள்ளிவிட்டவரை நான் பார்த்திருக்கிறேன். பாட்டி தானே விரலை அழுத்தி, தானே காகிதத்தில் வைத்து, கறையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார். எழுத்தருக்கு அன்று வேலை குறைவுதான். எந்தச் சுமைக் கணக்கிலும் இது வராது. கொருக்குப்பேட்டைக்காரர் சொன்ன மனப்பான்மை நோய் இதுவென்றால், இதற்கு அவரோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

10 டிசம்பர்

'தீர்வு சொல்லாமல் ஓடாதீர்கள்.' சரி, பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பணியிட மாறுதல்தான் அரசு அலுவலகத்தின் உண்மையான சம்பளம். யார் எங்கே உட்கார்வது என்பதில்தான் எல்லோருக்கும் ஆசையும் பயமும். பாகிஸ்தான் பஞ்சாபில் சொத்து வரி ஆய்வாளர்களிடம் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். வசூலில் முதலில் வருகிறவர் தனக்கு வேண்டிய இடத்தை முதலில் தேர்ந்தெடுக்கலாம், அடுத்தவர் அடுத்து. சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டவில்லை. வரி வசூலின் ஆண்டு வளர்ச்சி 30 முதல் 41 விழுக்காடு வரை கூடியது. இங்கே நல்ல இடத்துக்குப் போக எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நன்றாக வேலை செய்கிறவரை 'நீ போனால் பிரிவு படுத்துவிடும்' என்று விடுவிக்கவே மாட்டார்கள். அவர் கேட்ட மாறுதல் வரி விளம்பரக்காரருக்குக் கிடைக்கும்.

ஆகவே நான் அதிகாரியாக இருந்தால் முதலில் இருக்கைகளை எண்ணுவேன். காலி இருக்கையின் தபாலை எல்லோருக்கும் எண்ணிப் பிரிப்பேன், சோம்பேறிக்கும் அவர் பங்கு போகும். 'திருப்பப்பட்டது' என்பதை 'முடிவு' என்ற கட்டத்தில் ஏற்ற விடமாட்டேன். இவை இரண்டுக்கும் அரசாணையோ நிதியோ தேவையில்லை. கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் முதலாவதை முயன்றேன். யாருக்கு எத்தனை தபால் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். ஒரே வாரத்தில் தாளைக் காணவில்லை. மீண்டும் ஒட்டினேன். மூன்றாவது முறை, தாளைக் கிழித்தவரே வந்து தன் எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று சண்டை போட்டார். எண்ணியிருக்கிறார்!

13 டிசம்பர்

தன் மகன் குரூப் 4 தேர்வு எழுதலாமா என்று எண்ணூர் வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாக எழுதட்டும். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், ஆகவே தமிழ்தானே என்று அலட்சியம் வேண்டாம். பள்ளிப் பாடநூல்களை ஆறாம் வகுப்பிலிருந்து வரிவரியாகப் படித்தால் போதும். பயிற்சி மையத்துக்கு நகையை அடகு வைக்காதீர்கள்.

வேலை கிடைத்தால் பொறுப்பேற்கிற அன்றே, முந்தையவர் விட்டுப்போன நிலுவையை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் எழுதி, கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்காவிட்டால் அவன் பள்ளியில் படித்தபோது வந்த மனுவுக்கெல்லாம் அவன் பெயரில் மெமோ வரும். வந்தவரை உட்காரச் சொல்லட்டும். பேருந்தில் போவதானால் எண்ணூர் நெடுஞ்சாலையின் லாரி வரிசையைக் கணக்கில் வைத்துக் கிளம்பட்டும், விம்கோ நகரிலிருந்து மெட்ரோ பிடித்தால் நேரம் மிச்சம்.

எக்செல் தெரியும் என்பதை மட்டும் முதல் ஆண்டு முடியும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.